படிக்கும்போதே கெரியர்ஸ் அம்பாசிடர் வேலை: பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் அது எப்படி நடக்கிறது

கேள்வி இதுதான். செப்டம்பரில் பிரிட்டனுக்கு ஒரு வருட எம்.எஸ்சி. படிக்கப் போகிறவர், அந்தப் பல்கலைக்கழகத்தின் கெரியர்ஸ் சர்வீஸ், அதாவது வேலை தேட வழிகாட்டும் அலுவலகம், தன் உதவிகளைச் சக மாணவர்களிடம் கொண்டுசேர்க்கும் 'ஸ்டூடன்ட் அம்பாசிடர்' வேலைக்கு ஆள் எடுப்பதைப் பார்த்திருக்கிறார். வாரத்துக்கு நாலைந்து மணி நேரம்தான். சூப்பர் மார்க்கெட்டில் 16 மணி நேரம் கிடைக்கும்போது இது எதற்கு, விசாவுக்கு ஒத்துவருமா, சேர்ந்தால் என்ன வேலை சொல்வார்கள் என்று கேட்கிறார்.

கிடைத்தால் விடாதீர்கள் என்பதுதான் என் பதில். வாடகையை இந்தச் சம்பளத்தில் கட்ட முடியாது, அதற்கு வேறு வழி வேண்டும். ஆனால் ஒரு வருடப் படிப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கோட்டைவிடும் ஒன்று இந்த வேலையில் இருப்பவருக்குத் தானாகக் கிடைக்கிறது: எது எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்ற நாள் கணக்கு.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் ஒரு தெளிவு. நம் ஊர் பிளேஸ்மென்ட் செல் கம்பெனியைக் கேம்பஸுக்குக் கூட்டிவரும், ஆப்டிட்யூட் டெஸ்ட் வைக்கும், தேர்வானவர் பட்டியலை ஒட்டும். பிரிட்டனின் கெரியர்ஸ் சர்வீஸ் யாரையும் எந்தக் கம்பெனியிலும் சேர்த்துவிடாது. இலங்கைப் பல்கலைக்கழகங்களின் தொழில் வழிகாட்டல் பிரிவுதான் அதற்குக் கொஞ்சம் கிட்டத்தில் வரும். சி.வி. பார்த்துத் திருத்துவார்கள், மாதிரி இன்டர்வியூ நடத்துவார்கள், 15 அல்லது 20 நிமிட ஆலோசனை நேரம் தருவார்கள், கண்காட்சி நடத்துவார்கள், ஹேண்ட்ஷேக், டார்கெட்கனெக்ட் போன்ற தளங்களில் வேலைகளைப் போடுவார்கள். விண்ணப்பிப்பது முழுக்க மாணவர் பொறுப்பு. இது புரியாமல் "காலேஜ் பார்த்துக்கொள்ளும்" என்று காத்திருந்து, மே மாதம் ஆய்வறிக்கை தொடங்கும்போதுதான் விழித்துக்கொள்கிறவர்கள் நம் பிள்ளைகளில் நிறைய.

ஆக்ஸ்ஃபோர்டில் 1892 முதலே இப்படி ஒரு அலுவலகம் இருக்கிறது. இன்று அநேகமாக எல்லாப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. சரி, இலவசமாகக் கிடைப்பதை விளம்பரப்படுத்த மாணவர்களுக்குச் சம்பளம் எதற்கு? படிப்பு முடிந்து ஏறக்குறைய 15 மாதங்களில் 'கிராஜுவேட் அவுட்கம்ஸ்' என்ற கணக்கெடுப்பு வருகிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறது. இங்கிலாந்தில் உயர்கல்வியைக் கண்காணிக்கும் ஆஃபிஸ் ஃபார் ஸ்டூடன்ட்ஸ், முழுநேர இளங்கலைப் பட்டதாரிகளில் குறைந்தது 60 சதவீதம் பேர் பட்டத்துக்கேற்ற வேலைக்கோ மேற்படிப்புக்கோ போயிருக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கிறது. உண்மையில் உதவி தேவைப்படுகிறவர்கள்தான் அந்த அலுவலகத்துக்குப் போகத் தயங்குவார்கள். அலுவலகத்திலிருந்து போகும் மெயிலைத் திறக்காதவர்கள், பக்கத்து பெஞ்சில் இருப்பவர் சொன்னால் கேட்பார்கள். உங்களுக்குச் சம்பளம் அதற்குத்தான்.

மணிக்கணக்கும் விசாவும்

பட்டப்படிப்புக்கான ஸ்டூடன்ட் விசாவில் கல்விப் பருவத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. சராசரி பார்க்கும் பேச்சே கிடையாது: இந்த வாரம் 24, அடுத்த வாரம் 16 என்றால் முதல் வாரம் விதிமீறல்தான். எல்லா வேலைகளையும் கூட்டித்தான் 20. வேலை மாதிரியே நடக்கும் ஊதியமில்லாத இன்டர்ன்ஷிப்பும் அதில் சேரும்.

இங்கேதான் அம்பாசிடர் வேலை ஆளைக் கவிழ்க்கும். சூப்பர் மார்க்கெட்டில் 16 மணி நேரம் நிலையாக இருக்கிறது, அம்பாசிடர் வேலையில் வழக்கமாக 4 மணி நேரம், கச்சிதமாக 20. அக்டோபரில் கெரியர்ஸ் கண்காட்சி வரும். காலை எட்டரை முதல் மாலை நாலரை வரை ஒரே நாளில் 7, 8 மணி நேரம். அந்த வாரம் தானாகவே 23, 24 ஆகிவிடும். இரண்டு முதலாளிகளுக்கும் மற்றவரின் கணக்கு தெரியாது, எச்சரிக்க யாரும் இருக்க மாட்டார்கள். விசா ரத்துவரை போகக்கூடிய தவறு இது. ஆகவே சேர்ந்த அன்றே கண்காட்சித் தேதிகளைக் கேட்டு வாங்கி, அந்த வாரங்களில் கடை ஷிப்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். மொபைல் காலண்டரில் திங்களன்று தொடங்கும் வாரக் கணக்கு ஒன்று கட்டாயம் வைத்திருங்கள்.

விடுமுறையில் முழுநேரம் செய்யலாம் என்பதையும் எம்.எஸ்சி. மாணவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இளங்கலை மாணவர்களுக்குத்தான் விடுமுறை. உங்களுக்கு அது ஆய்வறிக்கைக் காலம், கல்விப் பருவம், 20 மணி நேர வரம்பு தொடரும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாட்களும் உங்கள் கோர்ஸுக்கு விடுமுறைதானா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு பொறி, பெயரில் இருக்கிறது. 'கேம்பஸ் பிராண்ட் அம்பாசிடர்' என்று வெளிக்கம்பெனிகளும் ஆள் எடுக்கும். ஒரு ஆளைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு கமிஷன், மாதக்கடைசியில் இன்வாய்ஸ் அனுப்பு என்பார்கள். இன்வாய்ஸ் போட்டுப் பணம் வாங்கினால் அது சுயதொழில். ஸ்டூடன்ட் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதி இல்லை. பல்கலைக்கழகம் நடத்தும் வேலையில் நீங்கள் சம்பளப் பட்டியலில் ஏறுகிறீர்கள், பேஸ்லிப் வருகிறது. ஒப்பந்தத்தைக் கையில் வாங்கியதும் பார்க்கவேண்டிய முதல் வரி அதுதான்.

சேர்வதற்கு முன் வேலை உரிமைச் சோதனை நடக்கும். இப்போது எல்லாம் இ-விசா. அரசுத் தளத்தில் உள்ளே போய் 'ஷேர் கோட்' எடுத்து, பிறந்த தேதியோடு கொடுக்க வேண்டும். வேலைக்கான கோட் டபிள்யூ என்ற எழுத்தில் தொடங்கும், 90 நாள் செல்லும். வரி, சமூகக் காப்பீட்டுக் கணக்குக்கான நேஷனல் இன்சூரன்ஸ் எண் கைக்கு வரும்வரை வேலையைத் தள்ளிப்போட வேண்டாம், விண்ணப்பித்துவிட்டுத் தொடங்கலாம். அந்த எண்ணுக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது, வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள்.

வேலைக்கு எடுக்கும்போது

பெரும்பாலும் கோடையிலும் செப்டம்பரிலும் ஆள் எடுப்பார்கள், சில இடங்களில் ஜனவரியில் இன்னொரு முறை. புதிதாக வருகிறவர் விமானம் ஏறும் முன்பே பல்கலைக்கழகத்தின் மாணவர் வேலைப் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். 300 சொல் அளவில் ஒரு விளக்கம் கேட்பார்கள், பிறகு குழு நேர்காணல். அதில் வழக்கமாக வரும் பயிற்சி: "எங்கள் சேவையை முதல் வருட மாணவருக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள்."

எல்லோரும் சேவைகளை வரிசையாக ஒப்பிப்பார்கள். நீங்கள் நேர்காணலுக்கு முன்பே அதன் பயனாளி ஆகிவிடுங்கள். தளத்தில் பதிவு செய்து, உங்கள் துறைக்கான ஒரு நிகழ்ச்சியைத் தேடிப் பாருங்கள், ஆலோசனை நேரம் புக் செய்யும் பக்கம்வரை போய்ப் பாருங்கள். எத்தனை கிளிக் ஆகிறது, எங்கே குழம்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். "ஹோம் பேஜில் 'அப்பாயின்ட்மென்ட்' என்ற சொல் இல்லை, 'கைடன்ஸ்' என்று இருக்கிறது. என் ஊரில் படித்தவருக்கு அது கவுன்சலிங் மாதிரி கேட்கும்" என்று ஒருவர் சொன்னால் எடுக்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். வெளிநாட்டு மாணவர்களின் கண்ணோட்டம் அவர்களுக்கு உள்ளேயிருந்து கிடைப்பதில்லை. உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், நிதானமாகப் பேசினால் போதும்.

வருடத்தின் கணக்கு

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இங்கே அப்படியே பொருந்தும், மாதம்தான் வேறு. புதுப் பட்டதாரிகளை வேலைக்கு எடுக்கும் பெரிய நிறுவனங்களின் கிராஜுவேட் திட்டங்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் திறந்து, பல நவம்பர், டிசம்பருக்குள் மூடிவிடும். சில இடங்கள் நிரம்பியதும் சொல்லாமலே மூடிவிடும். அதாவது ஒரு வருட எம்.எஸ்சி. மாணவர் இறங்கிய ஆறேழு வாரத்தில், முதல் அசைன்மென்ட்கூட முடியாத நேரத்தில், அடுத்த வருட வேலைக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். இந்த ஒரு செய்தியை உங்கள் வகுப்பில் செப்டம்பர் கடைசியிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள் என்றால், அந்த வருடத்தின் மற்ற வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனவே உழைப்பை முதல் ஆறு வாரத்தில் கொட்டுங்கள். புதியவர்களை வரவேற்கும் ஃபிரெஷர்ஸ் வாரம், பாடம் தொடங்கும் முதல் இரண்டு வாரம், அக்டோபர் கண்காட்சி. நவம்பர் பின்பாதியில் அசைன்மென்ட் நெருக்கும். அந்த ஷிப்டுகளை ஏற்காதீர்கள், ஏற்றுவிட்டுக் கடைசி நாளில் வர முடியாது என்பது இந்த வேலையில் பெயரைக் கெடுக்கும். ஜனவரி, பிப்ரவரியில் சிறு நிறுவனங்களும் கோடை இன்டர்ன்ஷிப்புகளும் வரும். மே, ஜூனில் வருகிறவர்கள் பதற்றத்தோடு வருவார்கள். அவர்களுக்குப் போஸ்டரால் பயன் இல்லை, உட்கார்ந்து கேட்க ஒருவர் வேண்டும். படிப்பு முடிந்தும் பல பல்கலைக்கழகங்களில் இரண்டு, மூன்று வருடம் இந்தச் சேவை தொடரும் என்பதை அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள், முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது.

வகுப்பில் ஒன்றரை நிமிடம்

எல்லா வழிகளிலும் அதிகப் பலன் தருவது, விரிவுரை தொடங்கும் முன் வகுப்பின் முன்னால் நின்று பேசுவது. பேராசிரியருக்கு ஒரு வாரம் முன்பே மெயில் போடுங்கள்: யார் நீங்கள், எந்தத் தேதி, ஒன்றரை நிமிடம், ஒரே ஸ்லைடு. ஸ்லைடை மெயிலோடேயே அனுப்பிவிடுங்கள். பென்டிரைவைச் செருகி அது திறக்காமல் நின்றால் உங்கள் நேரம் அங்கேயே போய்விடும். பல பல்கலைக்கழகங்களில் பாடம் மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் தொடங்கும். அந்த ஐந்து நிமிடம்தான் உங்களுடையது. முடிவில் பேசுகிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள், எல்லோரும் பையை மூடிக்கொண்டிருப்பார்கள்.

பேச்சின் சாரம் இப்படி இருக்கட்டும் (ஆங்கிலத்தில்தான் பேசுவீர்கள்): "நான் உங்கள் கோர்ஸில்தான் படிக்கிறேன். டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் கவனியுங்கள், பெரிய கம்பெனிகள் பல நவம்பருக்குள் மூடுகின்றன. வியாழக்கிழமை ஒரு மணிக்கு நூலகத் தரைத்தளத்தில் சி.வி. பார்க்க ஆள் இருப்பார். பாதி எழுதிய சி.வி. போதும், ஒன்றுமே இல்லையென்றாலும் வரலாம். ஸ்லைடில் இருக்கும் க்யூஆர் கோடை இப்போதே ஸ்கேன் செய்யுங்கள், பத்து வினாடி நிறுத்துகிறேன்." சொன்னபடி பத்து வினாடி வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அந்த மௌனம் நீளமாகத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள், ஸ்கேன் செய்யும் கைகள் அப்போதுதான் எழும்.

இதில் கவனிக்கவேண்டியது, பத்துச் சேவையைச் சொல்லாமல் ஒரு கோர்ஸ், ஒரு தேதி, ஒரு செயல் என்று நிறுத்தியது. "எல்லா விதமான கெரியர் உதவியும் கிடைக்கும்" என்றால் யாருக்கும் அது தன்னைக் குறிப்பதாகத் தோன்றாது. "ஒன்றுமே இல்லையென்றாலும் வரலாம்" என்ற வரிக்கும் காரணம் உண்டு. போகாதவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "சி.வி. ரெடியானதும் போகலாம்னு இருக்கேன்." ரெடியாக்கத்தான் அந்த இடம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பேசக் கிளம்பும் முன் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, அடுத்த பத்து நாளில் எத்தனை ஆலோசனை நேரம் காலியாக இருக்கிறது என்று கேளுங்கள். நூறு பேரைத் தூண்டிவிட்டு, அவர்கள் போய்ப் பார்த்தால் எல்லாம் நிரம்பியிருந்தால் அந்த நூறு பேரில் பலர் திரும்ப வரவே மாட்டார்கள். விளம்பரம் நன்றாக நடந்தும் பயன் கெட்டுப்போகும் இடம் இதுதான். காலி நேரம் இல்லையென்றால் குழுப் பயிற்சியையோ, முன்பதிவு தேவையில்லாத நேரத்தையோ சொல்லுங்கள்.

ஸ்டால், போஸ்டர், க்யூஆர் கோடு

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஆள் வராது. மேஜைக்கு முன்னால், ஒரு பக்கமாக, நின்றுகொள்ளுங்கள். இரண்டு அம்பாசிடர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தால் கடந்து போகிறவர் குறுக்கிடத் தயங்குவார். வகுப்பு மாறும் நேரம்தான் கூட்டம்: மணிக்கு ஐந்து பத்து நிமிடம் முன்னும் பின்னும். நடுவில் இருக்கும் நாற்பது நிமிடத்தை வேறு வேலைக்கு வையுங்கள். அக்டோபரில் வெளியே ஸ்டால் போட்டால் மழையும் காற்றும் நோட்டீஸை அள்ளிக்கொண்டு போகும், கட்டடத்துக்குள் இடம் கேளுங்கள். அதற்கு மாணவர் சங்கத்திடமோ கட்டட நிர்வாகத்திடமோ முன்பே அனுமதி வேண்டும்.

"கெரியர்ஸ் சர்வீஸ் பற்றித் தெரியுமா?" என்று கேட்காதீர்கள். "தெரியும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார்கள். "எந்த கோர்ஸ், எத்தனாவது வருஷம்?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் அந்தக் கோர்ஸுக்கான ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி மொபைலை எடுக்க வையுங்கள். பேனா, சாக்லேட் எல்லாம் அதற்குப் பிறகு கையில் கொடுப்பது. மேஜை ஓரத்தில் குவித்து வைத்தால் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள்.

க்யூஆர் கோடில் நடக்கும் தவறுகள் எண்ணற்றவை. எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும்: ஒரு மீட்டர் என்றால் 10 செ.மீ., வகுப்பின் கடைசி வரிசை 12 மீட்டர் தள்ளி என்றால் திரையில் 1.2 மீட்டர், அதாவது ஸ்லைடில் பாதிக்கு மேல் கோடுதான் இருக்க வேண்டும். சுற்றிலும் வெள்ளை ஓரம் விடுங்கள். இலவசமாக 'டைனமிக்' கோடு (அச்சடித்த பின்னும் முகவரியை மாற்றக்கூடியது) செய்துதரும் சில தளங்களில் சோதனைக் காலம் முடிந்ததும் கோடு செத்துவிடும், அச்சடித்த 200 போஸ்டரும் வீண். முகவரியையே நேரடியாகக் கோடாக்கினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அச்சுக்குப் போனபின் முகவரியை மாற்ற முடியாது, எனவே மாறாத பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அச்சடிக்கும் முன் ஒரு ஐபோனிலும் ஒரு ஆண்ட்ராய்டிலும், பல்கலைக்கழக லாகின் செய்யாத நிலையில், சோதித்துப் பாருங்கள். ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் உங்கள் போனில் எல்லாம் சரியாகத்தான் திறக்கும். புதியவருக்கு லாகின் திரை வந்து, கடவுச்சொல் போட்டபின் நிகழ்ச்சிப் பக்கத்துக்குப் போகாமல் முகப்புக்குத் தூக்கி எறிந்துவிடும். இன்ஸ்டாகிராமின் உள்ளேயே திறக்கும் பிரவுசரில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். லாகின் கேட்காத அறிமுகப் பக்கத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து புக்கிங்குக்கு அனுப்புவது நல்லது.

போஸ்டர் ஏ3, அதில் தேதி பெரிதாக, வாக்கியம் இரண்டே. கழிப்பறைக் கதவின் உள்பக்கத்தைப் போல நிதானமாகப் படிக்கப்படும் இடம் கேம்பஸில் வேறு இல்லை, அனுமதியோடு ஒட்டுங்கள். நிகழ்ச்சி முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் கழற்றுங்கள். காலாவதியான போஸ்டர், அடுத்த போஸ்டரையும் சேர்த்து யாரும் படிக்காமல் செய்துவிடும்.

ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி இணைப்பு வையுங்கள்: நூலகத்துக்கு ஒன்று, விரிவுரைக்கு ஒன்று, வாட்ஸ்அப் குழுவுக்கு ஒன்று. எத்தனை நோட்டீஸ் கொடுத்தோம் என்பது கணக்கே இல்லை. எத்தனை பேர் பதிந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்தார்கள் என்பதுதான் கணக்கு. பதிந்தவர் வராமல் போவது இலவச நிகழ்ச்சிகளில் சகஜம், முந்தைய நாள் ஒரு நினைவூட்டல் போனால் கொஞ்சம் குறையும்.

கண்காட்சி நாள்

நிறுவனத்தார் திறப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே பெட்டி படுக்கையோடு வருவார்கள். கேட்கும் முதல் மூன்று: வண்டியை எங்கே நிறுத்துவது, பிளக் பாயின்ட் எங்கே, காபி எங்கே. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்து வைத்திருங்கள். எக்ஸ்டென்ஷன் கேபிளை நடைபாதையில் விடாமல் டேப் போட்டு ஒட்டுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

கதவு திறந்தபிறகு உங்கள் இடம் வாசல். நன்றாகக் கவனித்தால் ஒன்று தெரியும்: சிலர் உள்ளே எட்டிப் பார்த்து, பேனர்களையும் கோட் சூட்டையும் கண்டு, மொபைலைப் பார்ப்பது போல ஓரமாக நின்று, அப்படியே திரும்பிவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் நீங்கள். "முதல் தடவையா? வாங்க, ஒரு டேபிளுக்கு நானும் வர்றேன்" என்று கூடவே போங்கள். முதல் மேஜையில் கேட்கத் தோதான கேள்வி ஒன்றைக் கையில் கொடுங்கள்: "இந்த வேலையில் சேர்ந்தவர் முதல் மாதம் என்ன செய்வார்?" ஒரு மேஜையில் பேசிவிட்டால் இரண்டாவதுக்கு அவரே போய்விடுவார். சில பல்கலைக்கழகங்கள் கூட்டமும் சத்தமும் ஒத்துக்கொள்ளாத மாணவர்களுக்காகத் தொடக்கத்தில் ஓர் அமைதி நேரம் விடுகின்றன. உங்கள் இடத்தில் இருந்தால் அதைத் தேவைப்படுகிறவருக்கு முன்பே சொல்லுங்கள்.

நம்மவர்களிடம்

தமிழ் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நீங்கள் இருப்பீர்கள். அங்கே ஒரு தகவல் பல்கலைக்கழக மெயிலைவிட வேகமாகப் போகும். வாரத்துக்கு ஒன்று, இரண்டு வரி, தேதியோடு போடுங்கள். தினமும் ஃபார்வர்டு செய்தால் மியூட் செய்துவிடுவார்கள்.

அங்கே தெளிவாகச் சொல்லவேண்டியவை சில. பிரிட்டன் சி.வி.யில் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், திருமணமானவரா என்ற விவரம், கடைசியில் வரும் உறுதிமொழி எதுவும் வேண்டாம். இரண்டு பக்கத்துக்குள் முடியவேண்டும். கல்லூரி விழாவில் தன்னார்வலராக இருந்ததை எழுதலாமா என்று கூச்சப்படுகிறவர், கெரியர்ஸ் சர்வீஸுக்குப் போனால் அதை எப்படி எழுதுவது என்று சொல்லித் தருவார்கள். ஊரிலும் இங்கேயும் சி.வி. எழுதித் தருகிறோம், ஸ்பான்சர்ஷிப்போடு (வேலை விசாவுக்கு முதலாளி தரும் ஆதரவு) வேலை வாங்கித் தருகிறோம் என்று பணம் கறக்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். வேலை தருவதற்காக மாணவரிடம் பணம் கேட்கிறார் என்றாலே அங்கிருந்து விலகச் சொல்லுங்கள். உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலைப் பிரிட்டன் உள்துறையே இலவசமாக வெளியிடுகிறது. கடன் வாங்கிப் படிக்க அனுப்பிய குடும்பத்தின் இன்னொரு லட்சம் இப்படிப் போவதைத் தடுக்க முடிந்தால், இந்த வேலையில் அதைவிடப் பெரிய காரியம் இல்லை.

ஆனால் எல்லை உண்டு. "கிராஜுவேட் விசாவுக்கு (படிப்பு முடிந்ததும் இங்கே தங்கி வேலை பார்க்கத் தருவது) எப்போ அப்ளை பண்றது, என் கேஸுக்கு எது சரி?" என்று கேட்பார்கள். தனிப்பட்ட விசா ஆலோசனை சொல்லாதீர்கள். 1999-ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டப்படி, தகுதி பெறாதவர் குடிவரவு ஆலோசனை கொடுப்பது குற்றம். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசனைப் பிரிவின் முகவரியைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். அதேபோல "வேலை வாங்கித் தருவார்கள்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. சி.வி.யைப் பார்த்துச் சொல்லக் கேட்டால், பயிற்சி கொடுத்திருந்தால் ஒழிய, புக்கிங் பக்கத்தைக் காட்டுங்கள்.

பெயர் சேகரிக்கும் தாளை மேஜையில் திறந்து வைக்காதீர்கள். முந்தையவரின் மெயிலையும் எண்ணையும் அடுத்தவர் பார்த்தால் அது தரவுப் பாதுகாப்பு விதிமீறல். போட்டோ எடுத்துப் போடும் முன் முகம் தெரிகிறவரிடம் சம்மதம் கேளுங்கள். உங்கள் சொந்த வாட்ஸ்அப் எண்ணைத் தொடர்புக்குக் கொடுத்தால் இரவு பதினொரு மணிக்கும் கேள்வி வரும், அலுவலக மெயிலையே கொடுங்கள். யாராவது தன் உடல்நிலையையோ மனநிலையையோ பற்றி மனம்விட்டுச் சொன்னால், கேட்டுக்கொண்டு, யாரிடம் போகலாம் என்று காட்டிவிட்டு, அதை வேறெங்கும் பேசாதீர்கள்.

சம்பளம்

2026 ஏப்ரல் முதல் 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்ட். அந்தக் கணக்கில் வாரம் 5 மணி நேரம் என்றால் 63.55, பாடம் நடக்கும் 20 வாரத்துக்கு 1,271 பவுண்ட். இதோடு விடுப்புச் சம்பளம் 12.07 சதவீதம், ஏறக்குறைய 153 பவுண்ட் சேரும். சில இடங்கள் விளம்பரத்தில் சொல்லும் கூலியிலேயே அதையும் சேர்த்துச் சொல்லும், பேஸ்லிப்பில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சி நேரத்துக்கும் சம்பளம் உண்டு.

ஒப்பந்தம் பெரும்பாலும் நிலையான மணி நேரம் தராத கேஷுவல் ஒப்பந்தம். ஜனவரியில் ஒரு வாரம் முழுக்க வேலையே இல்லாமல் போகலாம். டைம்ஷீட்டை மாதத்தின் குறிப்பிட்ட தேதிக்குள் போடவேண்டும், ஒரு நாள் தவறினால் அந்தப் பணம் அடுத்த மாதம்தான். ஷிப்ட் முடிந்த அன்றே போட்டுவிடும் பழக்கம் நல்லது.

கடை வேலையும் இருந்தால் வரியைக் கவனியுங்கள். வருடத்துக்கு 12,570 பவுண்ட்வரை வரி இல்லை. அந்தச் சலுகை முதல் வேலையிலேயே 1257எல் என்ற வரிக் குறியீடாக உட்கார்ந்துவிடும். இரண்டாவது வேலைக்கு வழக்கமாக பி.ஆர். என்ற வரிக் குறியீடு விழும், முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடிப்பார்கள். 63.55-இல் 12.71 போய்விடும், ஐந்து மணி நேரத்தில் ஒரு மணி நேர உழைப்பு. பதற வேண்டாம்: ஏப்ரல் 5-ஆம் தேதி முடியும் வரி வருடத்தில் இரண்டு வேலையும் சேர்த்து 12,570-ஐத் தாண்டவில்லை என்றால் அது திரும்பக் கிடைக்கும். வேலையில் சேரும்போது தரும் 'ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட்' படிவத்தில் உண்மையைக் குறியுங்கள்: இந்த வரி வருடத்தில் இதுதான் முதல் வேலை என்றால் ஏ, இந்த வரி வருடத்தில் முன்பு ஒன்று இருந்து இப்போது இது மட்டும் என்றால் பி, இன்னொன்றும் நடக்கிறது என்றால் சி.

முடிந்து விலகும்போது நான்கு காரியம். உங்கள் எண்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை வகுப்பில் பேசினீர்கள், எத்தனை பேர் பதிந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள். உங்கள் சி.வி.யில் 'விளம்பரப்படுத்தினேன்' என்று எழுதுவதைவிட இந்த மூன்று எண் பேசும். மேலாளரிடம் பரிந்துரைக்குப் பெயர் தரலாமா என்று நேரில் கேளுங்கள். பல்கலைக்கழக மெயில் முடக்கப்படும் முன் அவருடைய முகவரியைச் சொந்த மெயிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வேலையை விட்டதும் முதலாளி தரும் பி45 படிவம் (சம்பள, வரிக் கணக்கு) வந்ததும் பத்திரப்படுத்துங்கள், அடுத்த முதலாளி முதலில் கேட்பது அதைத்தான்.